குறைந்த செலவில் வீடு மாற்றம்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

வீடு மாற்றத்துக்கு ஒதுக்கிய தொகை சிறியதாக இருந்தால், நாலு இடத்தில் விலை கேட்டு அதில் குறைந்ததைப் பிடித்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. அந்த நாலு விலையும் ஒரே வேலைக்கான விலையாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒன்றில் ஏற்றுகூலி சேர்ந்திருக்கும், இன்னொன்றில் வண்டி வாடகை மட்டும் இருக்கும். ஒருவர் 8 கன மீட்டர் சாமான் என்று மனதில் வைத்துச் சொல்வார், அடுத்தவர் 12 என்று வைத்துக்கொள்வார். அதனால் விலை கேட்பதற்கு முன்பே எவ்வளவு சாமான், எவ்வளவு தூரம், எத்தனை மாடி, எத்தனை நாள் அவகாசம் என்ற நான்கையும் எண்ணாக எழுதிவிடுங்கள். இந்த நான்கும் கையில் இருந்தால் ஒப்பிடுவது பாதி முடிந்த மாதிரி.

முதலில் அளவெடுங்கள்

ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் அளந்து மூன்றையும் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு சிறு குடும்பத்தின் சாமான்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 55×65×150 செ.மீ. ஃபிரிட்ஜ் 0.54 கன மீட்டர். வாஷிங் மெஷின் 0.32. 90×50×195 செ.மீ. இரும்பு பீரோ 0.88. இருவர் படுக்கும் மெத்தை, 15 செ.மீ. தடிமனில், 0.43. கழற்றிய கட்டில் 0.3. மூவர் உட்காரும் சோபா 1.37. கால் கழற்றிய சாப்பாட்டு மேசை 0.1, அதன் நான்கு நாற்காலிகள் 0.73. 45×45×30 செ.மீ. அட்டைப்பெட்டி 35 இருந்தால் 2.1. வாளி, மின்விசிறி, சைக்கிள், டிவி, செடித்தொட்டி என்று உதிரிகளுக்கு 1. மொத்தம் 7.77 கன மீட்டர்.

வீட்டுச் சாமான்கள் செங்கல் மாதிரி இடைவெளி இல்லாமல் அடங்காது. நன்றாக அடுக்கத் தெரிந்தவர்கள் ஏற்றினாலும் வண்டிக் கொள்ளளவில் கால்வாசி வீணாகும். எனவே மொத்தத்தை 0.75-ஆல் வகுங்கள்: 10.4 கன மீட்டர் கொள்ளும் வண்டி தேவை. உள்ளளவு 2.7×1.7×1.8 மீட்டர் உள்ள வண்டி 8.3 கன மீட்டர்தான்; அதில் ஏறாது. 4.2×1.8×1.8 மீட்டர் வண்டி 13.6 கொள்ளும். ஆக, மூன்று கன மீட்டர் காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுப்பீர்கள்.

இங்கேதான் சேமிப்பின் சாவி இருக்கிறது. வண்டிகள் படிப்படியான அளவுகளில்தான் கிடைக்கும். சோபாவை மட்டும் விட்டுவிட்டால் தேவை 8.5 கன மீட்டர். இன்னும் சிறிய வண்டியில் ஏறவில்லை, அதனால் வாடகையில் ஒன்றும் குறையவில்லை. மேசை நாற்காலியையும் விட்டால் 7.4; இப்போது சிறிய வண்டி போதும். அடுத்த சிறிய அளவுக்கு இறங்க எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்த்துக் குறையுங்கள். அந்தக் கோட்டைத் தொடாத அரைகுறைக் கழிப்பு வண்டி வாடகையைப் பொறுத்தவரை வீண். ஆளுக்கு மணிக்கூலி என்றால் மட்டும் தூக்கும் நேரம் கொஞ்சம் மிஞ்சும்.

எடையையும் ஒருமுறை சரிபாருங்கள். வீட்டுச் சாமான் சராசரியாகக் கன மீட்டருக்கு 110 கிலோ வரும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. மேலே சொன்ன 7.77 கன மீட்டர் ஏறக்குறைய 850 கிலோ. புத்தகம் நிறைய இருக்கும் வீட்டில் இந்தச் சராசரி செல்லாது. 40×30×30 செ.மீ. பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் அதுவே 20 கிலோவைத் தாண்டும். இடம் இருக்கிறதே என்று அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடாகி வெடிக்கவும் கூடும்.

குறுகிய தூரம்: ஒரே நடையா, பல நடையா?

சிறிய வண்டியில் மூன்று நடை அடிப்பது மலிவு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சில சமயம் அது உண்மைதான். கணக்கைப் பாருங்கள்: ஒரு நடைக்கு ஏற்ற 40 நிமிடம், இறக்க 40 நிமிடம் என்று வைப்போம். புது வீடு 15 நிமிடத் தூரம் என்றால் போய்த் திரும்ப 30 நிமிடம் சேர்ந்து ஒரு நடை 110 நிமிடம். மூன்று நடைக்கு ஐந்தரை மணி நேரம். அதே சாமானைப் பெரிய வண்டியில் ஒரே நடையில் கொண்டுபோனால் ஏற்ற 2 மணி, போய்த் திரும்ப அரை மணி, இறக்க 2 மணி, ஆக நாலரை மணி. வித்தியாசம் ஒரு மணி நேரம். சிறிய வண்டியின் மணி வாடகை நன்றாகக் குறைவாக இருந்தால் அதுவே லாபம்.

தூரம் ஒரு மணி நேரமாகும்போது கதை மாறிவிடும். மூன்று நடை 10 மணி நேரம் இழுக்கும், ஒரே நடை 6 மணியில் முடிந்துவிடும். ஓடும் தூரமும் மூன்று மடங்கு. தூக்குகிறவர்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. என் கணிப்பில், ஒரு வழிப் பயணம் 25 நிமிடத்தைத் தாண்டினால் பல நடைத் திட்டத்தைக் கைவிட்டுவிடலாம்.

பல நடைக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. பழைய வீடும் புது வீடும் இரண்டு மூன்று நாள் சேர்ந்து உங்கள் கையில் இருந்தால், பெட்டிகளையும் துணிகளையும் பாத்திரங்களையும் சொந்த வாகனத்திலோ தெரிந்தவர் வாகனத்திலோ முன்கூட்டியே கொண்டுபோய்விடலாம். கடைசி நாளுக்குப் பெரிய பொருள்கள் மட்டும் மிஞ்சும். அப்போது ஒரு படி சிறிய வண்டி போதும். அந்த இரண்டு நாள் கூடுதல் வாடகையையும் இந்தச் சேமிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வண்டியும் ஆளும்

குறைந்த பட்ஜெட்டில் ஊருக்குள்ளேயே மாறுகிற பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான்: கட்டுவதை நீங்களே செய்யுங்கள், வண்டியை ஓட்டுநரோடு அமர்த்துங்கள், தூக்குவதற்குப் பழகிய ஆள் இரண்டு பேரை வையுங்கள். கட்டும் வேலைக்கு நேரம் தேவை, பயிற்சி அவ்வளவாகத் தேவையில்லை. அதை மாலை நேரங்களில் பிரித்துச் செய்துகொள்ளலாம். தூக்குவதற்குப் பயிற்சி தேவை. 65 கிலோ வாஷிங் மெஷினை மாடிப்படித் திருப்பத்தில் இறக்க நண்பர்களை நம்பினால், முதுகுப் பிடிப்போ சுவரில் பெயர்ந்த காரையோ மிச்சப்படுத்திய கூலியை விழுங்கிவிடும். நண்பர்களைப் பெட்டி தூக்கவும், வண்டிக்குப் பக்கத்தில் காவல் நிற்கவும், புது வீட்டில் எந்த அறை என்று கைகாட்டவும் வையுங்கள். அந்த உதவியும் விலைமதிப்பற்றது.

கூலி மணிக்கணக்கா, மொத்தமாகப் பேசியதா என்பதும் பணத்தைப் பாதிக்கும். மணிக்கணக்கு என்றால் ஆள் வருவதற்குள் எல்லாப் பெட்டியும் மூடி, டேப் ஒட்டி, வாசலுக்கு அருகில் அடுக்கியிருக்க வேண்டும். கட்டில் கழற்றியிருக்க வேண்டும். லிஃப்ட் இருந்தால் அதற்கான அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வண்டி நிற்க வாசலை ஒட்டி இடம் பிடித்திருக்க வேண்டும். 50 மீட்டர் தள்ளி நின்றால் 35 பெட்டிக்குப் போகவர மொத்தம் மூன்றரை கிலோமீட்டர் நடை கூடும். இப்படித் தயாராக இருக்க முடியாதவர்களுக்கு மொத்தக் கூலிதான் பாதுகாப்பு. ஆனால் மொத்தக் கூலியில் அவசரம் இருக்கும், அதனால் உடையும் பொருளை நீங்களே கையில் எடுத்துச் செல்லுங்கள்.

வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் வழி விளம்பரத்தில் மிக மலிவாகத் தெரியும். அந்த எண்ணோடு எரிபொருள், கிலோமீட்டர் வரம்புக்கு மேற்பட்ட கட்டணம், முன்பணம், விபத்தானால் உங்கள் கையிலிருந்து போகும் பகுதி ஆகியவற்றைக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். வாடகை வண்டியின் காப்பீடு பெரும்பாலும் வண்டிக்கானது. உள்ளே இருக்கும் சாமானுக்கு அது பொருந்தாது. வண்டியின் மேற்கூரை தாழ்வான நுழைவாயிலில் இடிப்பதுதான் புதிதாக ஓட்டுபவர்களுக்கு எளிதில் நேரும் விபத்து, பல ஒப்பந்தங்களில் அந்தச் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. உங்கள் ஓட்டுநர் உரிமம் அந்த எடை வண்டிக்குச் செல்லுமா என்றும் பாருங்கள். பெரிய வண்டி ஓட்டிப் பழகியவரும் தூக்க மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தால் மட்டும் இந்த வழி லாபம்.

நெடுந்தூரம்: பார்ட் லோடு, பார்சல், முழுச்சேவை

வேறு ஊருக்கு மாறும்போது முழு வண்டியை அமர்த்தினால், அது காலியாகத் திரும்பும் தூரத்தின் செலவும் உங்கள் தலையில்தான் விழும். அதே திசையில் போகும் வேறு குடும்பங்களின் சாமானோடு சேர்த்து அனுப்பும் பார்ட் லோடு முறையில் நீங்கள் பிடித்த இடத்துக்கு மட்டும் பணம். இதில் வண்டி அளவுக் கோடு கிடையாது. குறைக்கும் ஒவ்வொரு கால் கன மீட்டருக்கும் பலன் உண்டு.

அதற்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது இரண்டு. ஒன்று, சாமான் வந்துசேரும் நாள் உறுதியாக இருக்காது. ஒரு தேதிக்குப் பதிலாக ஒரு வாரத்தைத்தான் சொல்வார்கள். அந்த நாள்களுக்கான உடை, படுக்கை, இரண்டு மூன்று பாத்திரம், மருந்து, சான்றிதழ்கள் உங்களோடு வர வேண்டும். இரண்டாவது, வழியில் கிடங்கில் இறக்கி வேறு வண்டியில் மாற்றுவார்கள். வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கும் சாமானை இரண்டு முறை கைமாற்றினால் போதும். பார்ட் லோடில் அது நான்கு, ஆறு என்று கூடும். மெல்லிய மூன்றடுக்கு அட்டைப்பெட்டி அதைத் தாங்காது. ஐந்தடுக்குப் பெட்டி வாங்குங்கள், பெட்டியின் மூன்று பக்கங்களில் பெயரும் எண்ணும் எழுதுங்கள், பட்டியலில் அதே எண்ணை வையுங்கள்.

பெரிய மரச்சாமான் இல்லாதவர்களுக்கு, தனியாக அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு, பார்சலாக அனுப்புவது இன்னும் மலிவாகலாம். பார்சல் நிறுவனங்கள் உண்மையான எடை, பருமனெடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். பருமனெடைக்கு நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பல இடங்களில் வழக்கம். வேறு வகு எண் வைத்திருப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். 45×45×30 செ.மீ. பெட்டிக்கு அது 12 கிலோ. உள்ளே தலையணை மட்டும் வைத்தால் எடை 3 கிலோ, கட்டணம் 12 கிலோவுக்கு. அடியில் கொஞ்சம் புத்தகம், மேலே துணி என்று கலந்து உண்மை எடையையும் 12 கிலோ அருகே கொண்டுவந்தால் கொடுக்கும் காசு முழுக்க உழைக்கும். தலையணையை அனுப்பவே வேண்டாம்.

முழுச்சேவை, அதாவது கட்டுவது முதல் புது வீட்டில் பிரித்து அடுக்குவது வரை எல்லாம் அவர்களே செய்யும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் முறை, பட்ஜெட் குறைந்தவர்களுக்கு எப்போதும் தவறான தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். கைக்குழந்தை இருக்கும் வீடு, உடல்நலம் குன்றியவர் இருக்கும் வீடு, வேலையில் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியை இழப்பவர் ஆகியோருக்குக் கணக்கு மாறும். மூன்று நாள் வருமானம் போவதோடு ஒப்பிட்டால் சேவைக் கட்டணம் சிறிதாகவும் இருக்கலாம். நடுவழி ஒன்றும் உண்டு: சமையலறைக் கண்ணாடி, டிவி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றை மட்டும் கட்டித்தரச் சொல்லிவிட்டு மற்றதை நீங்கள் கட்டலாம். இந்தப் பகுதிச் சேவையைப் பலரும் தாங்களாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

கொண்டுபோவதா, விற்றுவிட்டு அங்கே வாங்குவதா?

மொத்தச் செலவை மொத்தக் கன மீட்டரால் வகுங்கள். வருவது ஒரு கன மீட்டருக்கான செலவு. அதைச் சோபாவின் 1.37-ஆல் பெருக்கினால் சோபாவைக் கொண்டுபோக ஆகும் தொகை தெரியும். அதோடு இங்கே விற்றால் கிடைக்கும் தொகையைக் கூட்டுங்கள். இந்தக் கூட்டுத்தொகை, அங்கே அதே தரத்தில் பழைய சோபா வாங்க ஆகும் தொகையைவிட அதிகமாக இருந்தால் விற்றுவிடுங்கள். நெடுந்தூரத்தில் சோபா, பெரிய மேசை, துகள்பலகை (பார்ட்டிகிள் போர்டு) அலமாரி ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். மெத்தை, ஃபிரிட்ஜ், இரும்பு பீரோ, தையல் இயந்திரம் ஆகியவை பெரும்பாலும் வெல்லும்.

துகள்பலகைச் சாமான் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. முழுசாகத் தூக்கினால் மூலை இணைப்புகள் முறுக்கி விரியும். கழற்றி மீண்டும் பூட்டினால் திருகாணி ஏறிய துளை பெரிதாகி, பிடிப்பு தளரும். முதல்முறை கழற்றிப் பூட்டுவதைத் தாங்கலாம். ஏற்கெனவே ஒருமுறை வீடு மாறி வந்த அலமாரிக்கு இன்னொரு பயணக்கூலி கொடுக்காதீர்கள்.

விற்பதற்கு முன் இன்னொன்று: புது வீட்டின் கதவு அகலம், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட்டின் உள்ளளவு. 90×50×195 செ.மீ. பீரோவை 50 செ.மீ. ஆழவாட்டில் சாய்த்து நிமிர்த்த 202 செ.மீ. உயரம் போதும், 90 செ.மீ. அகலவாட்டில் சாய்த்தால் 215 செ.மீ. வேண்டும். எந்தப் பக்கம் சாய்ப்பது என்று முன்பே தெரிந்திருந்தால் தாழ்வான இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கட்டும் பொருளில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்

பெட்டிகளை மருந்துக்கடை, புத்தகக்கடைகளில் இலவசமாகவோ சொற்ப விலைக்கோ வாங்கலாம். அவை ஒரே அளவில் கிடைத்தால் அடுக்கவும் எளிது. காய்கறி, பழம் வந்த பெட்டிகளை மட்டும் தவிருங்கள். ஈரம் குடித்த அட்டை அடியில் பிய்ந்துகொள்ளும், பூச்சியும் கூடவே வரும். பப்பிள் ரேப்புக்குப் பதிலாகப் போர்வை, துண்டு, பழைய துணி தாராளமாகப் போதும். எப்படியும் அவையும் பயணப்பட வேண்டியவைதானே. செய்தித்தாளை வெள்ளைப் பீங்கான்மேல் நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும், உள்ளே ஒரு வெற்றுத்தாள் வையுங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். மேலுள்ள பளு ஒரு தட்டின் நடுவில் விழுந்து உடைக்காது.

டேப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 48 மி.மீ. அகல டேப்பை அடிப்பக்க நடு இணைப்பில் இரண்டு வரி, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரி ஒட்டுங்கள். பெட்டி அடி விட்டுப்போவதுதான் வீடு மாற்றத்தில் அடிக்கடி நடக்கும் சேதம். புத்தகத்துக்குச் சிறிய பெட்டி, துணிக்குப் பெரிய பெட்டி. எதுவும் 18 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி கரைந்து, உள்ளே துடைத்துக் காயவிடுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்பிரசர் எண்ணெய் குளிரூட்டும் குழாய்க்குள் இறங்கிவிடும். அப்படி வந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விட்டுப் போடுவது நல்லது. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது கூடவே வந்த பயண போல்ட்டுகளைப் பின்பக்கம் மீண்டும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் டிரம் ஆடி ஆடித் தாங்கிகள் சேதமாகும். அந்த போல்ட்டுகள் தொலைந்திருந்தால் அதே மாடலுக்கு உதிரியாகக் கேட்டுப் பாருங்கள். டிவியைப் படுக்கவைக்காதீர்கள். சமையல் எரிவாயு உருளை, பெட்ரோல், ஆசிட் ஆகியவற்றைச் சாமான் வண்டியில் ஏற்றவே கூடாது.

விலை கேட்கும்போது

எல்லோருக்கும் ஒரே பட்டியலையும் ஒரே கன மீட்டரையும் கொடுத்து எழுத்தில் விலை வாங்குங்கள். சாமானைப் பார்க்காமல், வீடியோவில்கூடக் கேட்காமல், போனிலேயே மிகக் குறைந்த விலை சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஏற்றிய பிறகு சாமான் கூடுதல் என்று சொல்லி விலையை உயர்த்த அது வசதி. சாமான் அவர் வண்டியில் இருக்கும்போது உங்களுக்குப் பேரம் பேச இடமில்லை. மாடிக்குக் கூடுதல் உண்டா, காத்திருப்புக் கட்டணம் எத்தனை நிமிடத்துக்குப் பின், சுங்கச்சாவடிக் கட்டணம் யாருடையது, கழற்றிப் பூட்டுவது சேர்ந்ததா, வரி சேர்ந்ததா என்று ஐந்தையும் கேளுங்கள். மாதக் கடைசி, முதல் வாரம், வார இறுதி ஆகிய நாள்களில்தான் எல்லோரும் மாறுவார்கள். மாத நடுவில், வார நாளில் முடியுமா என்று கேட்டால் அதே நிறுவனமே விலை குறைக்கும் வாய்ப்பு அதிகம்.

சேதமானால் எவ்வளவு, எப்படி என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். சில ஒப்பந்தங்கள் இழப்பீட்டை எடைக் கணக்கில் தரும். 2 கிலோ லேப்டாப்புக்கு அதில் ஒன்றும் தேறாது. நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பலர் பொறுப்பேற்பதில்லை, ஆகவே உடையும் பொருளை அவர்கள் கட்டுவதும் நீங்கள் கையில் கொண்டுபோவதும் தவிர வேறு வழி இல்லை. முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஏற்றும்முன் ஒவ்வொரு பெரிய பொருளையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். இறக்கியதும் பெட்டி எண்களைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். குறையோ சேதமோ இருந்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் அதே தாளில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் இழப்பீடு கேட்க ஆதாரம் இருக்காது.